வந்துகொண்டிருந்தவர்

செப்டம்பர் 4, புதன்

கடைசிப் பீரியடில் பதினொன்றாம் வகுப்புக்கு உந்தம் மாறா விதி நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் ஒரு பெரிய பந்தும் ஒரு சின்னப் பந்தும் வரைந்து அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தபோது ஆபீஸ் உதவியாளர் வந்து, தலைமையாசிரியை உடனே கூப்பிடுவதாகச் சொன்னார். போனால், முதலில் உட்காரச் சொன்னார்கள். உட்காரச் சொன்னாலே விஷயம் நல்லதாக இருக்காது. மேட்டுக்கடைக்குப் பக்கத்தில் என் கணவரின் பைக்கும் ஒரு லாரியும் மோதிவிட்டன, உயிருக்கு ஆபத்தில்லை, கொழுந்தனார் மோகனசுந்தரம் பள்ளிக்கூட நம்பருக்கு அழைத்துச் சொன்னார் என்றார்கள். என் போன் ஆசிரியர் அறையில் கைப்பைக்குள் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். கொழுந்தனாரின் அழைப்புகள் மட்டும் இருந்தன.

இடது கால் எலும்பு முறிந்திருக்கிறது. இடது தோளில் காரை எலும்பும் போயிற்று. தலைக்கவசம் போட்டிருந்ததால் மண்டை தப்பித்தது, ஆனாலும் அதிர்ச்சி உள்ளே இறங்கியிருக்கிறது என்கிறார் டாக்டர். பாதி மயக்கத்தில் இருக்கிறார். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கொழுந்தனார் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். என் கணவருக்கு நல்லசிவம் என்று பெயர் வைத்தவர்களுக்குப் புண்ணியம்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினமாம். பிள்ளைகள் பேனாவும் ரோஜாப்பூவும் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். பூவை ஆஸ்பத்திரித் தண்ணீர்ப் பாட்டிலில் செருகி வைத்தேன்.

அவருக்கு நன்றாக நினைவு திரும்பிவிட்டது. முதல் வார்த்தை, "போன் எங்கே?" ஸ்டேஷனில் இருக்கிறது என்றேன். அதற்கப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார். என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டதற்கு எதுவும் ஞாபகமில்லை என்றார். இப்படி ஆவது உண்டாம். அடிபடுவதற்கு முந்தைய சில மணி நேரம் அழிந்துபோகுமாம், சிலருக்குத் திரும்பி வரவே வராதாம். காலையில் இட்லி சாப்பிட்டது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. சட்னியில் உப்பு அதிகம் என்பது கூட இருக்கிறது. மற்றதெல்லாம் துடைத்துவிட்ட சிலேட்டு.

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். அவர் மில்லுக்கு எடுத்துப்போகும் டிபன் பாக்ஸ் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் ஒரு டம்ளர் கழுவியதில்லை. நான்தான் கொடுக்க மறந்திருப்பேன், காலையில் அவசரம்.

சாயங்காலம் கொழுந்தனார் முதல் தகவல் அறிக்கையைப் போனில் காட்டினார். அவர்தான் புகார் கொடுத்திருக்கிறார். "மேற்படி நபர் பணி முடிந்து தனது இருசக்கர வாகனத்தில் வீட்டிற்கு வந்துகொண்டிருந்தபோது, எதிரே அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வந்த லாரி நேருக்கு நேர் மோதியதில்..." என்று போகிறது. கீழே இன்னொரு வரி. விபத்துக்குச் சற்று முன் அவர் தன் மனைவியிடம் போனில், வந்துகொண்டிருக்கிறேன் என்று கூறியுள்ளார்.

இது யார் சொன்னது என்று கேட்டேன். அங்கே பஞ்சர் கடை வைத்திருப்பவர்தான் அவரைத் தூக்கினாராம், போனை எடுத்தபோது லைனில் நான் இருந்தேனாம். "அண்ணி, உங்ககிட்டயும் ஒரு ஸ்டேட்மெண்ட் வாங்கணும்னாங்க. ஒண்ணும் அவசரமில்ல" என்றார். சரி என்றேன். பதற்றத்தில் ஆளாளுக்கு ஒன்றைக் கேட்டிருப்பார்கள்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுந்தனார் வீட்டிலிருந்து கொழுக்கட்டை வந்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஆப்பிள் வாங்கி வருகிறார்கள். இந்த ஊரில் ஒருவருக்குக் கூடக் கொய்யாப்பழம் கண்ணில் படாதா?

பஞ்சர் கடைக்காரர் வந்தார். நல்ல மனிதர், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து சொன்னார்: "நாந்தானுங்கம்மா போன எடுத்துப் பேசுனது. 'வந்துட்டே இருக்கேன்னு இப்பத்தான சொன்னாரு'ன்னு அப்படி அழுதீங்க. மனசே கேக்கலீங்க."

நன்றி சொன்னேன். கொழுக்கட்டையும் காபியும் கொடுத்தேன். நான் அன்றைக்கு அழுததாக எனக்கு ஞாபகமில்லை. பார்த்தால், இந்தக் குடும்பத்தில் ஞாபகமறதி ஒட்டுவாரொட்டி போலிருக்கிறது.

செப்டம்பர் 9, திங்கள்

பெங்களூரிலிருந்து வந்த மகன் இன்று கிளம்பிவிட்டான். வீட்டிலிருந்தபடி வேலை செய்யக் கம்பெனியில் விடமாட்டார்களாம். போகட்டும்.

மில்லில் அவரோடு கணக்குப் பிரிவில் இருக்கும் கந்தப்பன் வந்திருந்தார். அரட்டை நடுவில், "மதியமே லீவு சொல்லிட்டுக் கெளம்பிட்டாரே, சாயங்காலமா கெளம்பியிருந்தா இது நடந்திருக்குமா" என்றார். கட்டிலைப் பார்த்தேன். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கண்ணிமை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

மில்லிலிருந்து வீட்டுக்கு இருபது நிமிடம். மேட்டுக்கடை நடு வழியில் இருக்கிறது. மதியம் கிளம்பியவர் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு அங்கேதான் இருந்தார் என்றால், நடுவில் எங்காவது டீ குடித்திருப்பார். நாலு டீ குடித்திருப்பார்.

ஸ்டேஷனிலிருந்து அவர் பையைத் திருப்பிக் கொடுத்தார்கள். போன் இல்லை, அது சாட்சிப் பொருளாம். பையில் இஸ்திரி போட்ட சட்டைகள், இரண்டு வேட்டி, ஷேவிங் செட், அவருடைய ரத்த அழுத்த மாத்திரை ஒரு மாதத்துக்கு. இஸ்திரிக் கடையிலிருந்து வாங்கி வந்திருப்பார். இஸ்திரிக் கடையில் ஷேவிங் செட்டும் தேய்த்துத் தருவார்கள்போல.

செப்டம்பர் 12, வியாழன்

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. வர வேண்டிய லாரி இந்தத் தெருவுக்கு வந்ததே கிடையாது.

செப்டம்பர் 14, சனி

துணி துவைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண்மணி கேட்டைத் தட்டினார். என் வயதுதான் இருக்கும். பெயர் பாக்கியம். அந்த லாரியை ஓட்டிய வையாபுரியின் மனைவி. சமாதானம் பேச வந்திருக்கிறாள் என்று எடுத்த எடுப்பிலேயே எரிச்சலானேன். அடிபட்டவரை ரோட்டில் போட்டுவிட்டு ஓடிப்போனவருக்காக என்ன பேச வந்தீர்கள் என்று கேட்டேன். "நின்னா கூட்டம் அடிச்சே கொன்னுருமுங்க டீச்சர். நேரா ஸ்டேஷனுக்குத்தான் ஓடுனாரு" என்றார். அதுவும் உண்மைதான். இங்கே அதுதான் வழக்கம்.

ஜாமீனில் விட்டுவிட்டார்களாம். ஆனால் லைசென்ஸ் போலீசிடம் இருக்கிறது. எதிர்ப்பக்கம் ஏறி நேருக்கு நேர் இடித்தான் என்று வழக்கு நின்றுவிட்டால் அதை ரத்து செய்துவிடுவார்கள், அதற்குப் பிறகு எந்த ஓனரும் வண்டி தரமாட்டார், அவருக்கு வேறு தொழில் தெரியாது. இதையெல்லாம் அழாமல் சொன்னார்.

பிறகு சொன்னார்: "உங்கூட்டுக்காரரு எதுக்கால வரலீங்க. எங்க வண்டி சங்ககிரிப் பக்கந்தான் போச்சு, உங்கூட்டுக்கு எதிர்த்தெசையில, அவரும் அங்கதான் போனாரு. எடது கைப் பக்கமாப் பூந்து முந்தப் பாத்தாராம், பம்பர் மூலை பட்டுருச்சாம். போலீசு கேக்க மாட்டேங்குது. நீங்க இதத்தான் பாடம் நடத்தறீங்களாமா, பைக்க ஒருக்காப் பாருங்க, போதும்."

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. படுத்துக் கிடக்கிற மனிதர்மேல் பழி போட வந்தீர்களா என்று சத்தம் போட்டு அனுப்பிவிட்டேன். கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். அந்த அம்மாள் சொன்னது பொய்யாக இருந்தால் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வர வேண்டும்?

சோப்பு நுரையோடு அவர் சட்டைகளை அப்படியே விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 16, திங்கள்

காலாண்டுத் தேர்வு வெள்ளிக்கிழமை தொடங்குகிறது, பாடம் பாதியில் நிற்கிறது. அதனால் பள்ளிக்கூடம் போனேன்.

போன பாடத்தை எங்கே விட்டேன் என்று கேட்டேன். மோதல், என்றார்கள். எல்லாருக்கும் விஷயம் தெரியும், அதனால் வகுப்பு வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. அமிர்தா மட்டும் எழுந்தாள். அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் வந்தால் அடங்காது. "டீச்சர், லாரி பைக்கைத் தள்ளுற விசையும் பைக் லாரியைத் தள்ளுற விசையும் சமம்னீங்க. அப்புறம் ஏன் பைக் மட்டும் நொறுங்குது?"

விசை சமம்தான், நிறை சமமில்லை என்றேன். அதே விசை லாரியை உலுக்கக்கூட இல்லை, பைக்கைத் தூக்கி எறிகிறது. அதனால்தான் மோதிய பிறகு பைக் எப்போதும் லாரி போகும் பக்கமே தள்ளப்படும். எதிரே வந்திருந்தாலும் சரி, கூடவே போயிருந்தாலும் சரி, கிடக்கும் இடத்தை மட்டும் பார்த்து எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்ல முடியாது.

அப்படியானால் எதை வைத்துச் சொல்வது என்றாள். சார்புத் திசைவேகம் என்றேன். கரும்பலகையில் எழுதினேன். லாரி நாற்பது கிலோமீட்டர் வேகம், பைக் ஐம்பது. எதிரெதிரே வந்தால் கூட்ட வேண்டும், மோதும் வேகம் தொண்ணூறு. ஒரே திசையில் போனால் கழிக்க வேண்டும், வெறும் பத்து. ஒரே லாரி, ஒரே பைக், ஒரே ஆள்.

"தொண்ணூறுல மோதினா ஆள் பிழைப்பாங்களா டீச்சர்?"

பிழைப்பது கஷ்டம் என்றேன்.

"ஹெல்மெட் போட்டிருந்தாலுமா?"

போட்டிருந்தாலும், என்றேன். சாக்பீஸ் கையிலேயே உடைந்துவிட்டது. மணி அடிக்கும்வரை என்ன செய்தேன் என்று தெரியவில்லை. பாடத்தின் கடைசியில் உள்ள பயிற்சிக் கணக்குகளைப் போடச் சொல்லியிருப்பேன்.

செப்டம்பர் 18, புதன்

அவரிடம் நேராகவே கேட்டேன். அன்றைக்கு எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தீர்கள்? "ஞாபகம் இல்லைங்கறேன்ல, பூங்கோதை. தலை வலிக்குது" என்றார். ஆப்பிளை நறுக்கிக் கொடுத்தேன். தோல் சீவவில்லை என்றார்.

செப்டம்பர் 21, சனி

ஸ்டேஷனுக்குப் போனேன். பைக்கின் காப்பீட்டுக்காகப் படம் எடுக்க வேண்டும் என்று சொன்னேன், விட்டார்கள். பின்பக்கம் வேப்பமரத்தடியில் மணல் லாரிகளுக்கு நடுவில் நின்றது.

முன்சக்கரம் வட்டமாக இருந்தது. முன்பக்கக் குழாய்கள் நேராக நின்றன. முகப்பு விளக்கில் ஒரு கீறல் கூட இல்லை. நேருக்கு நேர் லாரியில் மோதிய பைக்கின் முகப்பு விளக்கு! வலது பக்கம் மட்டும் சைலன்ஸர் உள்ளே அமுங்கி, பின் கால்மிதி வளைந்து, சக்கர மறைப்பு கிழிந்திருந்தது. இடது பக்கம் முழுக்கத் தார்ரோட்டில் தேய்ந்த தழும்பு. பின்னால் வலது மூலையில் தட்டுப்பட்டு இடது பக்கம் விழுந்த வண்டி. என் மாணவிகளில் கடைசி பெஞ்சு கூடச் சொல்லிவிடும்.

சப்-இன்ஸ்பெக்டரிடம் விளக்கைக் காட்டினேன். போலீஸ் வருவதற்குள் ஜனங்கள் இரண்டு வண்டியையும் ஓரங்கட்டிவிட்டார்கள், பிரேக் சரியாக இருந்ததா என்று மட்டும்தான் வாகன ஆய்வாளர் பார்த்தார் என்றார். கெட்ட மனிதர் இல்லை. களைத்துப்போயிருந்தார். "டீச்சர், பெரிய வண்டி மேலதான் கேஸ் போடறது. நாளைக்கு உங்களுக்குத்தான் நஷ்ட ஈடு கெடைக்கணும். அவரு வீட்டுக்கு வந்துட்டிருந்தாருன்னு நீங்கதானே போன்ல கேட்டிருக்கீங்க? அதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

புதன்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

வீடு பெருக்கினேன். ஃபிரிட்ஜைத் துடைத்தேன். அவர் துணி அலமாரியைத் திறந்து பார்த்தேன், மூடினேன்.

தமிழில் இது ஒரு வசதி. எங்கே போனாலும், யாரிடம் போகிறோமோ அவரிடம் "வந்துட்டே இருக்கேன்" என்றுதான் சொல்வோம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது கூடப் போகிறேன் என்று சொல்வதில்லை, வருகிறேன் என்கிறோம். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு ஊரே அவரை என்னிடம் வரவைத்துவிட்டது. நானும் இத்தனை நாளாக வரவைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவர்மேல் உள்ள ஆத்திரத்தைவிட என்மேல் உள்ள ஆத்திரம் பெரிதாக இருக்கிறது. டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்! அது என்ன, எனக்குக் கொடுத்த மரியாதையா?

எழுதிவிட்டேன். இனி அடிக்க முடியாது.

செப்டம்பர் 24, செவ்வாய்

அவரை வீட்டுக்கு அழைத்து வந்தோம். கூடத்தில் கட்டில் போட்டிருக்கிறது. ஆம்புலன்ஸிலிருந்து இறக்கும்போது பக்கத்து வீட்டார் ஆரத்தி எடுத்தார்கள், எமன் வாயிலிருந்து மீண்டு வந்த மனிதராம். நானும் பக்கத்தில் நின்று நெற்றியில் பொட்டு வாங்கிக்கொண்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. தட்டைக் கழுவி அவர்கள் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

கொழுந்தனார் சமையலறைக்கு வந்து மெதுவாகப் பேசினார். ஸ்டேஷனிலிருந்து அவருக்கும் ஏதோ சொல்லியிருக்கிறார்கள். "அண்ணி, வந்தார்ங்கற ஒரு வார்த்தை போதும். போனார்னு சொன்னா, எங்க, யாருகிட்டன்னு ஊரு கேக்கும். கேக்கறவங்க அண்ணனைக் கேக்க மாட்டாங்க, உங்களைத்தான் கேப்பாங்க."

கொழுந்தனாருக்கு முன்பே எல்லாம் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் தெரியாமல் இருந்தது நான் ஒருத்திதான். அவர் சொன்னதிலும் தப்பில்லை. நாளை மறுநாள் காய்கறிக் கடையிலேயே கேட்பார்கள். பிள்ளைகளின் அம்மாக்கள் கேட்காமல் பார்ப்பார்கள், அது இன்னும் மோசம். வந்தார் என்று சொல்லிவிட்டால் எனக்குப் புருஷன் மிச்சம், மானம் மிச்சம். லைசென்ஸ் போவது எவரோ ஒருவருக்கு.

குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அதையே ஊற்றினேன்.

செப்டம்பர் 25, புதன்

தேர்வு மேற்பார்வையை இன்னொரு டீச்சரிடம் மாற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். கொழுந்தனாரும் கூட வந்தார், வேண்டாம் என்று சொல்லியும். வாசலில் பாக்கியமும் ஒரு மெலிந்த மனிதரும் நின்றிருந்தார்கள். அவர்தான் வையாபுரியாக இருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நான் நேராக உள்ளே போனேன். என்ன சொல்லப்போகிறேன் என்று அதுவரைக்கும் எனக்கே தெரியாது.

ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதும் ரைட்டர் ஏற்கெனவே பாதி எழுதி வைத்திருந்தார். வந்துகொண்டிருந்தபோது, என்பது வரை. படித்துக் காட்டினார்.

"அடிச்சிட்டு எழுதுங்க" என்றேன். "அந்தப் போன்ல பேசுனது நான் இல்லைங்க. நான் அப்ப வகுப்புல இருந்தேன். அவர் வீட்டுக்கு வரலை, சங்ககிரிப் பக்கம் போய்க்கிட்டு இருந்தார்."

கொழுந்தனார் எழுந்து வெளியே போய்விட்டார். சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்துத்தான் சொல்கிறேன், வண்டியைப் பாருங்கள் என்றேன். அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய் முகப்பு விளக்கையும் வலது பக்கத்தையும் காட்டினேன். கூட்டல், கழித்தல் இரண்டையும் சொன்னேன். பாடம் நடத்துகிற குரலிலேயே சொன்னேன். லாரியின் பம்பர் மூலையையும் வாகன ஆய்வாளரை வைத்து மறுபடி பார்க்கச் சொல்கிறேன் என்றார். கடைசியில், "எங்க போனாருன்னு கேட்டா?" என்றார், தயங்கித் தயங்கி.

என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை என்றேன்.

ரைட்டருக்குத்தான் பெரிய சங்கடம். "போய்க்கொண்டிருந்தார்னே எழுதவா அம்மா? பிழைச்சு வந்த மனுசனைப் போனார்னு எழுதறதுக்குக் கை வரல" என்றார். எழுதுங்கள் என்றேன். எழுதினார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே பாக்கியம் எதிரே வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெயிலில் நிற்காதீர்கள், வீட்டுக்குப் போங்கள் என்றார். அவரிடம் அன்றைக்குச் சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

கொழுந்தனார் காத்திருக்கவில்லை, பஸ்ஸில்தான் திரும்பி வந்தேன்.

செப்டம்பர் 26, வியாழன்

காலையில் அவருக்குக் கஞ்சி வைத்தேன், மாத்திரை கொடுத்தேன், முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தேன். உள்ளே போய் விடைத்தாள் கட்டை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். சிவப்பு மை வரவில்லை. உதறி உதறிப் பார்த்தும் வரவில்லை. கட்டை மூடிவிட்டேன்.

"நேத்து ஸ்டேட்மெண்ட் குடுத்துட்டேன்" என்றேன். "நீங்க வீட்டுக்கு வரலை, போய்க்கிட்டு இருந்தீங்கன்னு சொல்லிட்டேன்."

ஒன்றுமே ஞாபகமில்லாத மனிதர் அப்படியா என்று கேட்பார். நானா, எங்கே, எதற்கு என்று கேட்பார். அவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்க உசிரோட இருக்கீங்களே" என்றேன்.